மோட்லியும் நடுநிலையும் – கடிதம்

அன்புள்ள சார்,

அமெரிக்கக் கருப்பினப் பெண் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். வக்கீல், செனட்டர், அப்புறம் ஃபெடரல் ஜட்ஜ். கட்சி சார்பா ஜெயிச்சவங்க எப்படி நடுநிலையா தீர்ப்பு சொல்ல முடியும்? என் பொண்ணும் லா படிக்கிறா, அரசியல் ஆசை வேற. அவளுக்கு என்ன சொல்றது?

சு.

அன்புள்ள சு.,

இதே கேள்வி கொஞ்ச நாளா என்னையும் குடைஞ்சிட்டிருக்கு, அதான் மத்த கடிதங்களை ஓரமா வச்சுட்டு எழுதறேன். கட்சி விஷயத்தை விடுங்க. நியூயார்க் மாநில செனட்ல அவங்க இருந்தது 1964ல இருந்து ஒரு வருஷம்தான், அப்புறம் நியூயார்க் நகரத்துல மன்ஹாட்டன் பகுதிக்குத் தலைவர், 1966ல ஜனாதிபதி ஜான்சன் ஜட்ஜா போட்டார்.

1975ல நடந்ததைக் கேளுங்க. வேலைக்கு எடுக்கறதுல பெண்களை ஒதுக்கறாங்கன்னு ஒரு பெண் வக்கீல் சல்லிவன் அண்ட் க்ராம்வெல்ங்கற பெரிய வக்கீல் கம்பெனி மேல போட்ட வழக்கு மோட்லிகிட்ட வருது. கம்பெனி என்ன சொல்லுச்சு தெரியுமா, இனம் பாலினம்னு ஒதுக்கப்பட்டவங்க பக்கம் நீங்க ரொம்ப ஒட்டினவங்க, அதனால விலகிக்குங்கன்னு. அம்மா அசரல. பின்னணி, இனம், பாலினம் எல்லாம் காரணம்னா இந்தக் கோர்ட்ல ஒரு ஜட்ஜும் இந்தக் கேஸைக் கேக்க முடியாதே, எல்லாரும் வக்கீலா இருந்தவங்க, எல்லாருக்கும் ஏதோ ஒரு பாலினம் இருக்குங்கற அர்த்தத்துல எழுதிட்டு அங்கயே உக்காந்துட்டாங்க.

பெரிய கம்பெனில பார்ட்னரா இருந்துட்டு ஜட்ஜ் ஆன ஆம்பளைகிட்ட, நீங்க முதலாளி பக்கம் சாய்வீங்களேன்னு யாராவது கேப்பாங்களா? அவரோட பின்னணி சுவத்துல அடிச்ச சுண்ணாம்பு மாதிரி, யார் கண்ணுக்கும் படறதில்ல. நீங்களும் அதத்தான் செய்யறீங்க, கோவிச்சுக்காதீங்க. பாவம் அந்தப் பொண்ணு, இன்னும் கோட்டே மாட்டல, அதுக்குள்ள பெத்தவளே அவ நேர்மையை சந்தேகப்பட்டா எப்படி?

வக்கீலா இருந்தப்ப, வெள்ளைக்காரங்களை மட்டும் சேர்த்துட்டிருந்த மிசிசிப்பி யுனிவர்சிட்டில மெரிடித்ங்கற கருப்பின மாணவரைச் சேர்க்க 1962ல அலைஞ்சு போராடினவங்க மோட்லி. சுப்ரீம் கோர்ட்ல 10 கேஸ் வாதாடி 9 ஜெயிச்சாங்க. தோத்தது ஸ்வெயின் கேஸ், 1965. கருப்பினத்தவங்களை ஜூரில (கேஸைக் கேட்டுத் தீர்ப்பு சொல்ற பொதுமக்கள் குழுல) இருந்து அரசு வக்கீல் காரணமே சொல்லாம தட்டி விடறது பத்தின வழக்கு, அதாவது அங்கயும் யார் உக்காந்தா நியாயம்ங்கற அதே சண்டைதான். 1986ல பேட்சன் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தன் பழைய தீர்ப்பை மாத்திக்கிச்சு, அப்பவும் மோட்லி ஜட்ஜாத்தான் இருந்தாங்க.

பொண்ணுகிட்ட அந்த 1975 உத்தரவைக் குடுங்க. படிச்சுட்டு அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்க, நீங்க நடுவுல வராதீங்க.