ரிசர்வ் வங்கி அருங்காட்சியகம் போகலாமா? சேலத்து நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

சேலத்தில் வங்கிக் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய காசு சேர்ப்பது பள்ளி நாளிலிருந்து வந்த பழக்கம். மும்பையிலும் கொல்கத்தாவிலும் இருக்கும் ரிசர்வ் வங்கி அருங்காட்சியகங்களைப் பார்த்துவிட்டு வந்ததைச் சொன்னதும், விடுமுறைக்குப் போக நினைக்கிற நம்மூர்க்காரர்கள் பலர் கேள்வி அனுப்பினார்கள். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அஸ்தம்பட்டி, பள்ளி ஆசிரியை: சார், பிளஸ் ஒன் காமர்ஸ் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மும்பையா, கொல்கத்தாவா?

காமர்ஸ் பிள்ளைகள் என்றால் என் ஓட்டு கொல்கத்தாவுக்குத்தான், டீச்சர். 1935 ஏப்ரல் 1 அன்று ரிசர்வ் வங்கி தொடங்கியபோது தலைமை அலுவலகம் அந்த ஊரில்தான் இருந்தது. 1937-இல்தான் பம்பாய்க்குப் போனது. கவுன்சில் ஹவுஸ் தெருவில் அந்தப் பழைய கட்டடத்திலேயே 2019-இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். மத்திய வங்கி என்ன வேலை செய்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்வதில் அதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

மும்பையில் கோட்டைப் பகுதியில் இருப்பது 2004-இல் அப்துல் கலாம் திறந்து வைத்தது. காசுகளின் வரலாறுதான் அங்கே பலம். முத்திரை குத்திய பழங்காலக் காசில் ஆரம்பித்து முகலாயர், கிழக்கிந்தியக் கம்பெனி, காகித நோட்டு என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகலாம். கோயம்புத்தூர்–குர்லா எக்ஸ்பிரஸ் சேலம் வழியாகத்தான் போகிறது, அதனால் பயணம் எளிது. இரண்டு இடத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை, வங்கி விடுமுறை நாட்களிலும் போக வேண்டாம். கூட்டமாகப் போவதாக இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் மறக்காமல் செய்யுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் பையில் ஒரு நூறு ரூபாய் நோட்டு வைத்திருக்கட்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதையும் கையில் இருப்பதையும் மாறி மாறிப் பார்த்தால்தான் அந்த இடம் பேசும். பழங்காலப் பொருளைப் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்போடு போகிறவர்கள் பாதியைத் தவறவிட்டு விடுகிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டை, வெள்ளிப் பட்டறை: அண்ணா, எங்களிடம் உருக்குவதற்கு வெள்ளி ரூபாய் வருகிறது. அங்கே போனால் எங்களுக்குப் பார்க்க என்ன இருக்கிறது?

உங்களுக்குத்தான் தம்பி அதிகம் இருக்கிறது. 1835-இல் கம்பெனி தன் ஆட்சியில் இருந்த பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயைக் கொண்டு வந்தது. எடை 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்று பார்க்கும் பட்டறைக் கணக்கில் 92 ‘டச்’சுக்குக் கொஞ்சம் குறைவு. விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் என்று தலை மாறியதே தவிர வெள்ளியில் கை வைக்கவில்லை.

போர்க்காலத்தில்தான் கை வைத்தார்கள். 1940-இல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. கள்ளக் காசு பெருகிவிடக் கூடாது என்று விளிம்பின் நடுவே ஒரு பள்ளம் வெட்டி அதில் வேலைப்பாடு வைத்தார்கள். பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் தெரியும், அந்தக் காலத்து ரூபாய் கையில் கிடைத்தால் நகத்தால் தடவிப் பாருங்கள். 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல், பின்பக்கம் புலி. ஏழு வருடத்துக்குள் பதினொரு பங்கு வெள்ளி பாதியாகி, அப்புறம் ஒன்றுமே இல்லாமல் போனது. ஆனாலும் கடையில் அது ஒரு ரூபாயாகத்தான் ஓடியது. அருங்காட்சியகத்தில் இந்தக் காசுகளை வரிசையாகப் பார்க்கும்போது, உலோகத்தின் மதிப்பிலிருந்து அரசாங்கத்தின் சொல்லுக்கு நாம் நகர்ந்ததை உங்களைப் போல வெள்ளி தெரிந்தவர்தான் முழுசாக உணர முடியும்.

இன்னொன்று. 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் வந்தால் தயவுசெய்து உருக்காதீர்கள். மன்னரின் அங்கியில் செதுக்கிய யானை பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, அடுத்த வருடமே அச்சை மாற்றினார்கள். நாலு பணத்துக்காக வரலாற்றை மூசையில் போடக் கூடாது.

ஏற்காடு, கல்லூரி மாணவர்: சார், நோட்டு அச்சடிக்கிற உரிமைதான் ரிசர்வ் வங்கியிடம் இருக்கிறதே, நிறைய அடித்து எல்லோருக்கும் கொடுத்தால் என்ன?

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துகொள்வதற்காகவே அங்கே போகலாம்.

உங்கள் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் இத்தனை மூட்டை காப்பி, இத்தனை மூட்டை மிளகு என்றுதான் விளையும். ஊரில் எல்லோர் கையிலும் பணம் இரண்டு மடங்கானால் ஒரு செடிகூட அதிகம் காய்க்காது. வாங்க வருகிறவர்கள் விலையைத்தான் ஏற்றிவிடுவார்கள். 1923-இல் ஜெர்மனியில் இதுதான் நடந்தது. ஜிம்பாப்வே 2009-இல் நூறு லட்சம் கோடி டாலர் என்று ஒரே தாளில் அச்சடித்தது, ஒன்றுக்குப் பின்னால் பதினான்கு சைபர். இந்த மாதிரி நோட்டுகள் பண அருங்காட்சியகங்களில் கண்ணில் பட்டால் நின்று எண்ணிப் பாருங்கள்.

நோட்டு என்பது ரிசர்வ் வங்கியின் கணக்குப் புத்தகத்தில் கடன் பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் வங்கியின் ஆளுநர் கையெழுத்துப் போட்டு, வைத்திருப்பவருக்கு இத்தனை ரூபாய் தருவதாக உறுதி சொல்கிறார். அச்சடித்த நோட்டுக்கு ஈடாகத் தங்கமும் அரசுக் கடன் பத்திரமும் வெளிநாட்டுச் சொத்தும் இருக்க வேண்டும். 1957 முதல் தங்கமும் வெளிநாட்டுப் பத்திரமும் சேர்ந்து குறைந்தது 200 கோடி, அதில் தங்கம் 115 கோடி என்பது சட்டம். இன்றைய நோட்டுப் புழக்கத்துக்கு முன்னால் இது சின்னத் தொகை. ஆகவே உண்மையான கட்டுப்பாடு பெட்டகத்தில் இல்லை, விலைவாசி உயர்வை வருடத்துக்கு 4 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்க வேண்டும் என்ற பொறுப்பில் இருக்கிறது. அதற்காகத்தான் வட்டி விகிதத்தை ஏற்றுவதும் இறக்குவதும். காசுகளைப் பார்த்த களைப்பில், அருங்காட்சியகத்தில் இதை விளக்கும் பகுதியை எல்லோரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். நீங்கள் அங்கேதான் உட்கார வேண்டும்.

அம்மாபேட்டை, இல்லத்தரசி: பையனுக்கு எட்டு வயது. சலித்துப் போய்விடுவானோ?

ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுங்கம்மா, சலிக்காது. கிளம்புவதற்கு முன்னால் வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். நோட்டின் பின்பக்கம் பதினைந்து மொழிகள் அடுக்கி இருக்கும். கீழிருந்து மூன்றாவது தமிழ், அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். காசில் வருடத்துக்குக் கீழே பார்க்கச் சொல்லுங்கள்: வைரம் போல இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வெறும் புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா. ஒரு ரூபாய் நோட்டு கிடைத்தால் அதில் யார் கையெழுத்து என்று கேளுங்கள். அதில் ஆளுநர் இருக்க மாட்டார், மத்திய நிதித்துறைச் செயலாளர் இருப்பார். அந்த நோட்டும் காசுகளும் அரசாங்கத்துடையவை.

அங்கே போனதும் 1954-இல் வந்த ஆயிரம் ரூபாய் நோட்டைத் தேடச் சொல்லுங்கள். பின்பக்கம் நம் தஞ்சைப் பெரிய கோயில். 1978-இல் அதைச் செல்லாததாக்கி விட்டார்கள்.

ஓமலூர்: மகள் லண்டனில் இருக்கிறாள். அங்கேயும் இப்படி ஒன்று உண்டாமே?

உண்டு, இங்கிலாந்து வங்கியின் அருங்காட்சியகம். நுழைவு இலவசம், வார நாட்களில் மட்டும். கண்ணாடிக் கூண்டுக்குள் கையை விட்டு அசல் தங்கக் கட்டியைத் தூக்கிப் பார்க்கலாம். சுமார் 13 கிலோ, நம் கணக்கில் 1,600 சவரனுக்கு மேல்.

அதைத் தூக்கும்போது உங்கள் மகள் 1991-ஐ நினைத்துக்கொள்ளட்டும். அந்நியச் செலாவணி தீர்ந்துபோன அந்த ஜூலையில் ரிசர்வ் வங்கி 46.91 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஈடு வைத்து சுமார் 40 கோடி டாலர் வாங்கியது. நகையை அடகு வைத்துப் பழக்கப்பட்ட நம் வீடுகளுக்கு அந்த வலி தெரியும். கவுன்டருக்கு வந்தவர்கள் அன்றைக்கு இதைப் பற்றித்தான் பேசினார்கள். 2009-இல் பன்னாட்டு நிதியத்திடமிருந்து 200 டன் வாங்கினோம் என்று செய்தி வந்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

ஆத்தூர்: அவ்வளவு தூரம் போக முடியாது. பக்கத்தில் ஏதாவது?

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் காசுத் தொகுப்பு பெரியது, வெள்ளிக்கிழமை விடுமுறை. நம் மாவட்டத்துக்கே காசு வரலாறு உண்டு. 1987-இல் கோனேரிப்பட்டியில் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. எங்கே போனாலும் கொங்கு நாட்டில் ஓடிய வீரராயன் பணம் என்ற குட்டிக் காசைத் தேடுங்கள். தங்கம்தான், ஆனால் அரை கிராம்கூட இருக்காது, விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும். அதை எண்ணுவதற்கென்றே குழி குழியாக வெட்டிய மரப்பலகை இருந்தது. அள்ளிக் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்றாக விழும், மிச்சத்தை வழித்துவிட்டால் எண்ணிக்கை சரி. காசாளராக இருந்தவனுக்கு அந்தப் பலகையைப் பார்த்தால் கை பரபரக்கும்.

சூரமங்கலம்: டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு இருக்கிறது. அருங்காட்சியகம் லட்சத்துக்கு வாங்கிக்கொள்ளுமா?

வாங்காது. பழைய நோட்டை வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லி வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே எச்சரித்திருக்கிறது. கமிஷன், வரி என்று முன்பணம் கேட்டால் ஒரு பைசாகூட அனுப்பாதீர்கள்.