நட்சத்திர வீரர் சம்பளத்தைக் குறைத்தால் மிச்சம் யாருக்கு?

கேள்வி: அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் நட்சத்திர வீரர் உச்சபட்சச் சம்பளம் வாங்கினால், சக வீரர்களின் பங்கைப் பறிக்கிறார் என்கிறார்களே, நியாயமா?

பதில்: நியாயமில்லை. அங்கே அணியின் மொத்தச் செலவுக்கு மட்டுமல்ல, தனி வீரரின் சம்பளத்துக்கும் வரம்பு உண்டு. 6 ஆண்டு வரை ஆடியவருக்கு அணி வரம்பில் 25 சதவீதம், 7 முதல் 9 ஆண்டுக்கு 30, 10 ஆண்டு ஆகிவிட்டால் 35. இந்தத் தடை மட்டும் இல்லையென்றால் முதல் வரிசை வீரர்கள் இன்னும் எவ்வளவோ அதிகம் வாங்கியிருப்பார்கள். லீக் வருமானத்தில் 49 முதல் 51 சதவீதம் வீரர்களுக்கு என்பது ஒப்பந்தம்; சம்பளங்களின் கூட்டுத்தொகை அதற்குக் குறைந்தால் துண்டுவிழும் தொகையை அணிகள் கட்டியாக வேண்டும். ஆக, லீக் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், நட்சத்திரத்துக்குக் கிடைக்காமல் போவது மற்ற வீரர்களிடம்தான் போய்ச் சேருகிறது. முழுத்தொகை வாங்குபவரும் ஏற்கெனவே விட்டுக்கொடுத்தவர்தான்.

கேள்வி: அப்படியானால் நிக்ஸ் அணியின் நட்சத்திர வீரர் ஜேலன் பிரன்சன் எதற்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்?

பதில்: 2024 ஜூலையில் நியூயார்க் நிக்ஸ் அணியுடன் 4 ஆண்டுக்கு 15.65 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். ஓராண்டு பொறுத்திருந்தால் 5 ஆண்டுக்கு 26.91 கோடி வரை கிடைத்திருக்கும். 11 கோடியை இழந்தார் என்று தலைப்புப் போட்டார்கள். 4 ஆண்டையும் 5 ஆண்டையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். முதல் ஆண்டை மட்டும் பாருங்கள்: 2025-26இல் அவருக்குச் சுமார் 3.49 கோடி, உச்சபட்சம் சுமார் 4.64 கோடி. அணிக்கு மிச்சம் 1.15 கோடி.

அந்த 1.15 கோடிக்கு என்ன மதிப்பு என்பது அணி எந்தக் கோட்டருகே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. 2024-25இல் அணி வரம்பு 14.06 கோடி; வரம்பைத் தாண்டிச் செலவிடும் அணிகளுக்குக் கடும் தடைகள் தொடங்கும் ‘இரண்டாவது ஏப்ரன்’ எனும் மேல்கோடு 18.89 கோடி. அதைத் தாண்டிய அணி தன் வீரர்கள் இருவரின் சம்பளத்தைச் சேர்த்து, அவர்களைக் கொடுத்து வேறு அணியின் பெரிய வீரர் ஒருவரை வாங்கிக்கொள்ள முடியாது. பரிமாற்றத்தில் ரொக்கமும் தர முடியாது. கோட்டுக்குக் கீழே நிற்க உதவினால் அந்தத் தியாகம் சக வீரர்களுக்குப் பயன்படும். அணி ஏற்கெனவே ஆடம்பர வரி (சம்பளச் செலவு மிக அதிகமான அணிகள் லீக்குக்குக் கட்டுவது) கட்டிக்கொண்டிருந்து, புதிதாக யாரையும் எடுக்கவில்லை என்றால், சம்பளமும் அதன் மேல் வரியும் சேர்ந்து உரிமையாளருக்கே மிச்சம். அதனால் கையெழுத்துக்கு முன் ஏஜென்ட் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பணத்தில் யாரை எடுக்கப்போகிறீர்கள்?

பிரன்சன் தனக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார். 2028-29 ஆண்டைத் தொடர்வதா என்பது அவர் விருப்பம். அதற்குள் 10 சீசன் முடிந்துவிடும். 35 சதவீதம் கேட்கலாம்.

கேள்வி: ‘இப்போது குறைத்துக்கொள், பிறகு சரிக்கட்டுகிறோம்’ என்று அணி வாக்குக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணி ஜோ ஸ்மித்துடன் அப்படி ரகசிய ஒப்பந்தம் போட்டது 2000இல் வெளிப்பட்டது. 35 லட்சம் டாலர் அபராதம், புது வீரர்களை முதல் சுற்றில் தேர்ந்தெடுக்கும் உரிமைகளும் பறிபோயின, வீரரின் ஒப்பந்தமும் ரத்தானது.

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் (என்.எஃப்.எல்.) ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் வீரர் அணிக்காக ஒப்பந்தத்தை ‘மாற்றியமைத்தார்’ என்று வருகிறதே, அதுவும் விட்டுக்கொடுப்பதுதானா?

பதில்: பெரும்பாலும் ஒரு டாலர்கூட விட்டுக்கொடுப்பதில்லை. ஒருவருக்கு இந்த ஆண்டுச் சம்பளம் 3 கோடி என்று வையுங்கள். அதில் 2.5 கோடியை போனஸாக மாற்றி உடனே கையில் கொடுத்துவிடுவார்கள். அணியின் சம்பள வரம்புக் கணக்கில் மட்டும் அதை அதிகபட்சம் 5 ஆண்டுக்குப் பிரித்து, ஆண்டுக்கு 50 லட்சமாக எழுதலாம். இந்த ஆண்டுக் கணக்கு 1 கோடிதான். வரம்பில் 2 கோடி இடம் கிடைத்தது. மீதி அடுத்த ஆண்டுகளின் தலையில். நடுவில் அவரை நீக்கினால் எழுதாமல் விட்ட பாக்கி சட்டென்று வந்து விழும். ஆடாத ஒருவருக்காக இடம் அடைபடும். அந்த நெருக்கடியில் முதலில் வேலை இழப்பவர்கள் நடுத்தரச் சம்பளக்காரர்கள். சக வீரர்கள் கவலைப்பட வேண்டிய இடம் அதுதான்.