மெய்நிகர் ஃபைபர் சேனல் அடாப்டர்களை நிர்வகிக்கும் திரையை எப்படி வடிவமைப்பது?

காரைக்குடியில் ஒரு கல்லூரியின் சர்வர் அறைக்கு நிர்வாக மென்பொருள் எழுதுவதாகவும், மெய்நிகர் கணினிகளை (ஒரே சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கப்பட்ட கணினிகள்) சேமிப்பக வட்டுகளோடு இணைக்கும் இந்த அடாப்டர்களை அட்டவணையில் பட்டியலிட்டால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது.

நிர்வாகி தேடுவது அடாப்டரின் பெயரை அல்ல, பாதையை. மெய்நிகர் கணினி, அதன் அடாப்டர், அது பயன்படுத்தும் நிஜ போர்ட், ஸ்விட்ச், கடைசியில் வட்டு. செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நின்றால் வளவு, கட்டுகள் தாண்டிப் பின்வாசல் வரை நேர்க்கோட்டில் தெரியுமே, அப்படித் தெரியட்டும். அறுந்த இடம் மட்டும் சிவப்பாகட்டும்.

மிகுந்த கவனம் வேண்டியது 'நீக்கு' பொத்தானுக்குத்தான். ஒவ்வொரு அடாப்டருக்கும் டபிள்யூடபிள்யூபிஎன் எனப்படும் 64 பிட் அடையாள எண் உண்டு. எது எதோடு பேசலாம் என்று ஸ்விட்ச்சில் போடும் ஸோனிங் விதிகளும் சேமிப்பகம் தரும் அனுமதியும் பெரும்பாலும் அந்த எண்ணை நம்பியே இருக்கின்றன. ஐபிஎம்மின் மெய்நிகராக்க மென்பொருளான பவர்விஎம்மில் ஓர் அடாப்டருக்கு இரண்டு எண்கள். ஓடும் கணினியை வேறு சர்வருக்கு மாற்றும்போது இரண்டாவது தேவைப்படும். அடாப்டரை நீக்கிவிட்டு வழக்கம்போல மறுபடி உருவாக்கினால் புது எண்கள் வரும், பழைய வட்டுகள் தெரியாது. அதனால் "உறுதியா?" என்று மட்டும் கேட்பது வீண். எந்தெந்த வட்டுகள் துண்டிக்கப்படும் என்று பெயர் சொல்லிக் காட்டுங்கள். கட்டளை வரியில் பழைய எண்களைக் கொடுத்தே அடாப்டரை உருவாக்க முடியும்; அந்த வசதி திரையிலும் கட்டாயம் வேண்டும்.

அப்புறம், எண்ணை நகலெடுக்க ஒரு பொத்தான் வையுங்கள், முக்காற்புள்ளியோடும் இல்லாமலும். 16 இலக்கங்களைக் கையால் தட்டச்சு செய்ய யாரையும் விடாதீர்கள்.