மலைப்பாதைக்குச் சிறிய கார்: டீசலா, ஹைபிரிட்டா?

கேள்வி: நான் தலவாக்கலையில் வசிக்கும் ஆசிரியை. நாளாந்தம் நுவரெலியாவிலுள்ள பாடசாலைக்குச் சென்று திரும்புகிறேன். மாதம் ஒரு முறை பெற்றோரை ஏற்றிக்கொண்டு கண்டிக்கும் போக வேண்டியிருக்கும். பாவித்த கார் ஒன்று வாங்க எண்ணியுள்ளோம். 2014ஆம் ஆண்டின் டொயோட்டா அக்குவா ஹைபிரிட் (பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்தது) ஒன்றும் 2015ஆம் ஆண்டின் மஸ்டா டெமியோ 1.5 டீசல் ஒட்டோ ஒன்றும் ஏறத்தாழ ஒரே விலைக்கு வந்துள்ளன. மலைக்கு டீசல்தான் பொருந்தும் என்கிறார் கணவர். ஹைபிரிட் இறக்கத்தில் தானாகவே சார்ஜ் ஆகும், ஆகவே மலையில்தான் அதற்கு இலாபம் அதிகம் என்கிறார் உடன் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. உங்கள் பாதையில் அந்த இரண்டு பாதிகளும் ஏறக்குறைய சமமாகி விடுகின்றன என்பதால், முடிவை எரிபொருள் சிக்கனத்தைக் கொண்டு அல்லாமல் வேறு சிலவற்றைக் கொண்டே எடுக்க வேண்டியிருக்கும்.

விற்பனையாளர்கள் காட்டும் ஜப்பானிய எண்களை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஜப்பானின் ஜேசி08 எரிபொருள் சிக்கனச் சோதனையில் அக்குவாவுக்கு லீற்றருக்கு 37 கிலோமீற்றர் வரையிலும், டீசல் டெமியோவின் ஒட்டோ வகைக்கு 26.4 கிலோமீற்றரும் குறிக்கப்பட்டன. அந்தச் சோதனை உருளைகளின் மீது காரை நிறுத்தி ஓட்டிப் பார்ப்பது. அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அது பெரிதும் பின்பற்றும், நின்று நின்று நகரும் நகரப் போக்குவரத்து ஹைபிரிட்டுக்குச் சாதகமானது என்பதால், அந்தப் பத்து கிலோமீற்றர் வித்தியாசத்தை உங்கள் பாதையிலுள்ள லிந்துலையிலும் நானுஓயாவிலும் எதிர்பார்க்க முடியாது.

தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. ஆகவே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரத்தில், இடையில் வரும் சிறு ஏற்ற இறக்கங்களைக் கணக்கில் சேர்க்காமலே, நீங்கள் 670 மீற்றர் உயர வேண்டியிருக்கிறது. இரண்டு பேருடன் 1,250 கிலோகிராம் வரும் ஒரு காரை 100 மீற்றர் உயர்த்த 0.34 கிலோவாட் மணி ஆற்றல் தேவை. உங்கள் முழு ஏற்றத்துக்கும் அது 2.3 கிலோவாட் மணி அளவில் வரும். பெற்றோலில் உள்ள ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கும் எஞ்சின், இந்த உயரத்துக்காக மட்டும் முக்கால் லீற்றர் எரிக்கும். டீசலின் ஒவ்வொரு லீற்றரிலும் பெற்றோலைவிடப் பத்து வீதத்துக்குச் சற்று மேலான ஆற்றல் உண்டு. டீசல் எஞ்சினின் செயற்றிறனும் சிறிது கூடுதல். ஆகவே அதே உயரத்தை அது 0.6 லீற்றரில் முடித்துவிடும். ஏற்றத்தில் டீசலுக்குக் கிடைக்கும் இலாபம் சுமார் 150 மில்லிலீற்றர், அதாவது ஒரு தேநீர்க் கோப்பை அளவு.

இனி இறக்கம். மாலையில் நீங்கள் இறங்கும்போது அந்த 2.3 கிலோவாட் மணியும் திரும்பக் கிடைப்பதில்லை. பாதிக்கு மேற்பட்ட பகுதி டயர்களின் உருள் உராய்விலும் காற்றைத் தள்ளுவதிலும் போய்விடும். மிஞ்சும் ஒரு கிலோவாட் மணியையாவது பற்றரி வாங்கிக்கொள்ளுமா என்றால், அதுவும் இல்லை. அக்குவாவின் 144 வோல்ட் நிக்கல் பற்றரி முழுவதும் சேர்த்தே 0.9 கிலோவாட் மணிக்குச் சற்று மேல்தான் கொள்ளும். நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்பதற்காக அதில் பாதிக்கும் குறைவான பகுதியையே கணினி பயன்படுத்த விடுகிறது. செங்குத்துச் சரிவுக்குப் பேர்போன நானுஓயா–ரதெல்ல குறுக்குப் பாதையில் இறங்குபவர்கள், கீழே வந்து சேருமுன்பே சார்ஜ் அளவுகோல் நிரம்பிவிடுவதைக் காணலாம். நிரம்பிய பின் கிடைக்கும் ஆற்றல் வீண்தான். அந்த ஒரு நிரப்பு அடுத்த ஓட்டத்தில் மிச்சப்படுத்தித் தரும் பெற்றோல் எவ்வளவு என்று கணக்கிட்டால், அதுவும் அதே 150 மில்லிலீற்றர் அளவில்தான் வந்து நிற்கிறது. இடையிடையே சமதரையும் சிறு ஏற்றங்களும் வந்து பற்றரியைக் காலியாக்கினால் இன்னும் சற்றுக் கூடும். ஆக, டீசல் ஏற்றத்தில் மிச்சப்படுத்துவதை ஹைபிரிட் இறக்கத்தில் மீட்டுக்கொள்கிறது.

நகரத்தில் நிலைமை வேறு. மணிக்கு 40 கிலோமீற்றரில் செல்லும் அதே காரைப் பிரேக் பிடித்து நிறுத்தும்போது வெளிப்படும் ஆற்றல் 0.02 கிலோவாட் மணிதான். சிறிய பற்றரி அதை எளிதில் உள்வாங்கி, அடுத்த நொடியே திருப்பிக் கொடுக்கும். கண்டி நகர நெரிசலிலும், ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியாவில் வாகனங்கள் ஊர்ந்து செல்லும் நாட்களிலும் அக்குவாவை டீசல் கார் நெருங்கவே முடியாது.

உங்கள் கணவர் சொல்வதில் இன்னொரு நியாயமும் உண்டு. நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. டேர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத பெற்றோல் எஞ்சின் அந்த அளவுக்குப் பலம் இழக்கும். டேர்போ பொருத்திய டீசல் எஞ்சின் அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். அக்குவாவின் மின்மோட்டாரைக் காற்று பாதிப்பதில்லை என்றாலும், நீண்ட ஏற்றத்தில் பற்றரி இறங்கியதும் 74 குதிரைவலுவுள்ள எஞ்சின் ஏறக்குறைய தனியாகவே இழுக்க வேண்டியிருக்கும். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு றம்பொடைப் பக்கமாக ஏறும்போது அது இரைவது காதில் விழும். இருந்தும், பலம் குறைவது வேறு, எரிபொருள் கூடுதலாகச் செலவாவது வேறு. மெதுவாக ஏறும் கார் அதிகம் குடிக்கும் கார் என்று பொருளல்ல.

அடுத்து விலை. டீசல் மலிவு என்ற எண்ணம் லொறிகளையும் பழைய கொரோலாக்களையும் பார்த்து வந்தது. அவை ‘ஒட்டோ டீசல்’ எனப்படும் சாதாரண டீசலில் ஓடுபவை. நீங்கள் பார்த்துள்ள டெமியோவில் எரிபொருளைப் பீய்ச்சும் உயர் அழுத்தச் செலுத்திகளும் புகைக்குழாயில் துகள் வடிகட்டியும் இருப்பதால், கந்தகம் குறைந்த சுப்பர் டீசலையே அதற்கு ஊற்ற வேண்டும். அதன் விலை ஒக்டேன் 92 பெற்றோலைவிடக் கூடுதலாக இருந்த மாதங்கள் உண்டு. மாதம் 1,300 கிலோமீற்றர் ஓட்டம், ஹைபிரிட்டுக்கு லீற்றருக்கு 20 கிலோமீற்றர், டீசலுக்கு 21, இரண்டுக்கும் விலை 300 ரூபாய் என்று கணக்கு வசதிக்காக வைத்துக்கொண்டால், டீசலில் மாதம் ஏறத்தாழ 930 ரூபாய் மிச்சம். சுப்பர் டீசல் 20 ரூபாய் கூடினால் அந்த மிச்சம் மறைந்து, ஹைபிரிட் சுமார் 300 ரூபாய் முந்திவிடும். விலை திருத்தப்படும் போதெல்லாம் இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

துகள் வடிகட்டி அடைத்துக்கொள்ளும் என்று பலரும் அச்சுறுத்துவார்கள். கடைத்தெருவுக்குப் போய்வர மட்டும் ஓடும் கார்களுக்கு அது உண்மை. நாள்தோறும் அரைமணி நேரத்துக்கு மேல் ஏற்றம் ஏறி நன்றாகச் சூடாகும் உங்கள் காரில் வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளப் போதிய வாய்ப்பு உண்டு. எனக்குள்ள தயக்கம் வேறு: முந்தைய உரிமையாளர் எந்த டீசலை ஊற்றினார், எத்தனை மாதம் எண்ணெய் மாற்றாமல் ஓட்டினார் என்பதைக் கண்டறிய வழியில்லை. அத்துடன், அக்குவா நாட்டின் எல்லா ஊர்களிலும் ஓடுவதால் அதன் உதிரிப்பாகங்களும் அதைத் தெரிந்த மெக்கானிக்குகளும் ஹற்றனிலும் கிடைப்பார்கள். டீசல் டெமியோவுக்கு அந்த வசதி குறைவு.

ஆகவே உங்கள் ஓட்டத்துக்கு நான் அக்குவாவையே சொல்வேன், பற்றரி நன்றாக இருக்கும் பட்சத்தில். எப்போதும் ஐந்து பேரும் சுமையுமாக ஓடுபவராகவோ, வாரந்தோறும் கொழும்புக்கு நெடுந்தூரம் போகிறவராகவோ இருந்தால் பதில் மாறியிருக்கும். வீட்டுச் சுவரில் செருகிச் சார்ஜ் ஏற்றும் வசதி இந்தக் காரில் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் பெற்றோல் வரிசையில் ஹைபிரிட்காரர்களும்தான் நின்றார்கள்.

இறக்கத்தில் கியரை ‘B’ நிலைக்கு (எஞ்சின் பிரேக்; நிறுத்திவைக்கும் ‘P’ அல்ல) மாற்றி ஓட்டுங்கள். பற்றரி நிரம்பியதும் எஞ்சின் திடீரென இரையத் தொடங்கும். மிகையான ஆற்றலை எஞ்சினைச் சுழற்றிச் செலவழிப்பதால் எழும் ஓசை அது, பழுதல்ல. பிரேக் சூடேறி வலுவிழப்பதை அது தடுக்கும். பற்றரியைக் குளிர்விக்கும் காற்று பின்னிருக்கையின் அடியிலுள்ள துவாரம் வழியாகச் செல்வதால், அங்கே பையையோ போர்வையையோ வைத்து அடைக்காதீர்கள். அந்தக் காற்றுப் பாதையில் படியும் தூசியையும் சேர்விஸின்போது சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

வாங்கும் முன், கணினிச் சோதனையில் பற்றரியின் ஒவ்வொரு பகுதியின் வோல்ட் அளவையும் கேட்டுப் பாருங்கள், அதுவும் கார் ஏற்றத்தில் இழுக்கும்போது. நின்றபடி எடுத்த அறிக்கையில் பலவீனமான செல் தெரியாது. ஓரிரு செல்களை மட்டும் மாற்றிய பற்றரி என்றால் விலையில் கணிசமாகக் குறைத்துக் கேளுங்கள், ஏனெனில் பழைய செல்களும் புதியவையும் ஒத்துழைக்காமல் அடுத்தது விரைவில் பழுதாகும். பிறகு காரை நானுஓயா வரை ஓட்டிச் சென்று திரும்புங்கள். சார்ஜ் அளவுகோல் சில நிமிடங்களில் உச்சிக்கும் அடிக்கும் தாவினால் பற்றரி ஓய்ந்துவிட்டது என்று பொருள். அந்த ஏற்றத்துக்கு விற்பவர் உடன்படாவிட்டால் அடுத்த அக்குவாவைப் பாருங்கள்.