பேப்பர் கட்டிங்குகளைப் பிரித்து வைப்பது எப்படி?

கேள்வி: பிளவுஸ் பேப்பர் கட்டிங் (துணிமேல் வைத்து வெட்டுவதற்கான தாள் வடிவம்) நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. மடித்துப் பையில் போட்டதில் கைத்துண்டு ஒன்றோடொன்று மாறிவிடுகிறது. எப்படி வைப்பது?

பதில்: முதலில் எல்லாத் துண்டிலும் எழுதுங்கள்: பெயர், மார்பளவு, தேதி, '3/5' (ஐந்தில் மூன்றாவது) என்று துண்டு எண். தையலுக்கு விட்ட அளவு சேர்ந்ததா இல்லையா என்பதையும் குறியுங்கள். இதைக் குறிக்காமல் விட்டால்தான் ஆறு மாதம் கழித்து மறுபடியும் அரை அங்குலம் விட்டு வெட்டி, ரவிக்கை தொளதொளவென்று நிற்கும்.

மடிக்காதீர்கள். மடிப்பு விழுந்த தாள் துணிமேல் படியாது; கழுத்து வளைவு கோணும். ஒரு செட்டின் துண்டுகளுக்கு மேலே ஓட்டை போட்டு, நூலில் கோத்து, ஹேங்கரில் மாட்டுங்கள். இடமில்லையா? பெரிய பிளாஸ்டிக் கவரில் படுக்கையாக, ஒரு கவருக்கு ஒரு செட். ஏற்கெனவே மடிந்ததை நீராவியில்லாமல் மிதமான சூட்டில் தேய்க்கலாம், செல்லோடேப் இருந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு.

செய்தித்தாளில் வெட்டிய கட்டிங்கை பிரவுன் ஷீட்டுக்கு மாற்றிவிடுங்கள். அச்சு மை வெள்ளைத் துணியில் ஒட்டும், ஓரமும் நொறுங்கும். ஒட்டுவதானால் மைதா பசை வேண்டாம். தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து.