குழி வெட்டுமுன் மண்ணைப் பாருங்கள்: வீட்டு நீச்சல் குளம் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டைல் நிறத்தைப் பற்றியவை. மண் என்ன வகை, ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று எழுதியவர்கள் மிகச் சிலர். இந்த இரண்டும் தெரியாமல் எந்த வகைக் குளம் பொருந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது. கடிதத்தில் அளவு இல்லாத இடங்களில் 25 அடி நீளம், 12 அடி அகலம், நாலரை அடித் தண்ணீர் என்று நானே வைத்துக்கொண்டேன். அதில் சுமார் 38,000 லிட்டர் பிடிக்கும்.

கே: வீட்டுக்குப் பின்னால் 20க்கு 10 அடியில் குளம் வேண்டும். ஃபைபர்கிளாஸ் நல்லதா, கான்கிரீட் நல்லதா? (பல்லடம்)

ப: முதலில் உங்கள் தெருவின் அகலத்தை அளந்து பாருங்கள். ஃபைபர்கிளாஸ் தொட்டி ஒரே துண்டாக டிரெய்லரில் வரும், கிரேன்தான் இறக்க வேண்டும். 10 அடி அகலத் தொட்டி திரும்ப முடியாத சந்து என்றாலோ, வீட்டுக்கு மேலே மின்கம்பி ஓடினாலோ பேச்சு அங்கேயே முடிந்தது. வழி இருந்தால், சின்னக் குளத்துக்கு அது நல்ல தேர்வு. வழவழப்பான ஜெல்கோட் பரப்பில் பாசி எளிதில் பிடிக்காது, வேலையும் சில வாரங்களில் முடிந்துவிடும். வடிவமும் ஆழமும் கம்பெனி அச்சில் இருப்பதுதான், மாற்ற முடியாது.

ஃபைபர்கிளாஸ் கெடுவது பெரும்பாலும் பக்கவாட்டு நிரப்பலில். வெட்டியெடுத்த மண்ணையே திரும்பத் தள்ளி மூடுவார்கள். அது இறங்க இறங்கச் சுவர் உப்பும், குழாய் இணைப்பு ஒடியும். சுத்தமான சிறு ஜல்லியோ கழுவிய மணலோ போட்டு, அடிக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். வெளியே ஓர் அடி நிரப்பினால் உள்ளே ஓர் அடி தண்ணீர் ஏற வேண்டும். உங்கள் மண் கரிசலா செம்மண்ணா என்று எழுதவில்லை. கரிசல் என்றால், எந்த வகைக் குளமானாலும் அடியிலும் பக்கத்திலும் அந்த மண்ணை வெட்டி அகற்றி, கிராவல் கொட்டிக் கெட்டித்த பிறகுதான் மேற்கொண்டு வேலை. எத்தனை அடி என்பதை மண் பரிசோதனை சொல்லும்.

கே: ஈ.சி.ஆரில் கடற்கரைப் பக்கம் இடம். மழைக்காலத்தில் மூன்றடி தோண்டினாலே ஊற்று. குளம் கட்டலாமா?

ப: கட்டலாம். ஆனால் உங்களுக்குப் பிரச்சினை தண்ணீர் கசிவதல்ல, குளம் மேலே மிதந்து வருவது. காலி டம்ளரை வாளித் தண்ணீரில் அமுக்கினால் அது எப்படி எகிறுமோ அப்படித்தான். கணக்கைப் பாருங்கள். 8 அங்குலத் தரையும் சுவரும் கொண்ட கான்கிரீட் தொட்டி ஏறக்குறைய 33 டன். வெளிப்புற அளவுக்கு, அடித்தளத்துக்கு மேல் நிலத்தடி நீர் ஏறும் ஒவ்வொரு அடிக்கும் சுமார் 10 டன் மேல்நோக்கித் தள்ளும். மூன்றேகால் அடி ஏறினால் போதும், காலிக் குளம் கிளம்பிவிடும். ஃபைபர்கிளாஸுக்கு இந்தக் கனமும் கிடையாது, அதனால் உங்கள் இடத்தில் அதை நினைக்க வேண்டாம்.

செய்ய வேண்டியவை: குளத்தைத் தரைமட்டத்திலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயர்த்திக் கட்டுங்கள். அந்த உயரத்துக்கு மரத்தளமோ படியோ போட்டால் பார்வைக்கும் நன்றாக இருக்கும். அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே ஓர் அடி நீட்டுங்கள், அதன்மேல் விழும் மண் பிடித்து நிறுத்தும். அடியில் ஜல்லிப் படுகை போட்டு, மிக ஆழமான இடத்தில் ஹைட்ரோஸ்டாடிக் வால்வு வையுங்கள், வெளியே நீரழுத்தம் கூடினால் அது திறந்து நிலத்தடி நீரைக் குளத்துக்குள் விடும். வால்வை மட்டும் நம்பாதீர்கள், மணல் அடைத்துவிட்டால் அது திறக்காது. குளத்தின் ஓரத்தில் துளையிட்ட 6 அங்குல பி.வி.சி. குழாயை அடித்தளத்துக்குக் கீழே ஓர் அடி வரை இறக்கி வையுங்கள். கயிறு விட்டுப் பார்த்தால் வெளியே நீர்மட்டம் தெரியும். அக்டோபர் முதல் ஜனவரி வரை குளத்தைக் காலி செய்யவே கூடாது. கடற்கரையில் கம்பிக்குக் கான்கிரீட் மூடல் 45 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: 9 அங்குலச் செங்கல் சுவர் கட்டி, உள்ளே வாட்டர்புரூஃபிங் செய்தால் போதும், செலவு பாதியாகும் என்கிறார் மேஸ்திரி. எங்கள் வீட்டு சம்ப் 20 வருடமாக அப்படித்தான் இருக்கிறது. (திருச்சி)

ப: மாதம் தவறாமல் இந்தக் கேள்வி வருகிறது. கட்டாதீர்கள்.

சம்ப்பையும் குளத்தையும் ஒன்றாக வைத்துப் பேசுவதில்தான் கோளாறு. சம்ப்பின் மேலே ஸ்லாப் இருக்கிறது. நான்கு சுவர்களின் தலையையும் அது பிடித்து நிறுத்துகிறது. சுவரின் நீளமும் ஆறு, எட்டு அடிதான். குளத்தின் மேல்புறம் திறந்தே இருக்கும், 25 அடி நீளத்தில் சுவர் தன் காலில் மட்டும் நிற்க வேண்டும். நாலரை அடித் தண்ணீர் சுவரின் ஒவ்வொரு அடி நீளத்தையும் சுமார் 280 கிலோ விசையோடு வெளியே தள்ளுகிறது. 25 அடிச் சுவருக்கு 7 டன். தண்ணீரை இறக்கினால் ஈர மண் அதே சுவரை உள்ளே தள்ளும். செங்கல் கட்டுமானம் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டு வளைவைத் தாங்காது. சுவரும் தரையும் சேரும் மூலையில் முடிபோல ஒரு விரிசல் விழும். வாட்டர்புரூஃபிங் பூச்சு அந்த விரிசலோடு சேர்ந்து கிழியும். பிறகு டைலுக்குப் பின்னால் தண்ணீர் போகும், உப்புப் பூக்கும், டைல் கழலும். சம்ப்பில் நாளுக்கு 50 லிட்டர் கசிந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. குளத்தில் அதே கசிவு மண்ணை ஊற வைத்து, சுற்றியுள்ள தளத்தைக் கீழே இறக்கும்.

கான்கிரீட் என்று பெயருக்குப் போட்டாலும் பயனில்லை. தண்ணீர் தேங்கும் கட்டுமானத்துக்கு ஐ.எஸ். 3370 என்ற தனி விதிநூல் இருக்கிறது. எம்30 தரம், தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45க்கு மேல் போகக் கூடாது. அதாவது 50 கிலோ மூட்டைக்கு 22 லிட்டர் தண்ணீர், மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து. கலவை இறுக்கமாக இருக்கிறது என்று இன்னொரு வாளி ஊற்றுவார்கள், அந்த வாளியிலேயே குளம் கசியத் தொடங்கிவிட்டது. இளக்கம் வேண்டுமானால் பிளாஸ்டிசைசர் சேர்க்கச் சொல்லுங்கள். இந்த அளவுக் குளத்துக்குப் பொதுவாக 8 அங்குலக் கனம், இரண்டு வலையாக 10 அல்லது 12 மி.மீ. கம்பி, 6 அங்குல இடைவெளி. முடிவான வரைபடம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்தோடு வர வேண்டும்.

தரையோடு சேர்த்துச் சுவரின் முதல் 6 அங்குலத்தையும் ஒரே வார்ப்பில் எழுப்பி, அங்கே பி.வி.சி. வாட்டர்ஸ்டாப் (இணைப்பில் நீர் கசியாமல் தடுக்கும் பட்டை) பதித்து, மீதிச் சுவரை ஒரே நாளில் முடியுங்கள். குழாய், விளக்குப் பெட்டி, ஸ்கிம்மர் (மேல்மட்டத் தண்ணீரைக் குப்பையோடு இழுக்கும் சுவர் வாய்) எல்லாம் கான்கிரீட் போடுமுன் இடத்தில் இருக்க வேண்டும். பின்னால் உளி வைத்துக் கொத்தி நுழைத்த குழாயைச் சுற்றித்தான் பெரும்பாலான கசிவுகள் தொடங்குகின்றன. 14 நாள் நீராற்றி, பூச்சுக்கும் டைலுக்கும் முன்னால் ஒருமுறை நிரப்பி ஒரு வாரம் பாருங்கள். படியில் ஒரு வாளித் தண்ணீரையும் வைத்து இரண்டிலும் மட்டத்தைக் குறியுங்கள். வாளியில் குறைவது வெயில் குடித்தது. குளத்தில் அதைவிட அதிகமாகக் குறைந்தால் கசிவு. டைல் ஒட்டிய பிறகு இந்தச் சோதனை செய்வது பணத்தை உடைத்து எடுப்பதற்குச் சமம்.

ஏற்கெனவே செங்கல்லில் கட்டி விரிசல் கண்டவர்களும் எழுதியிருக்கிறார்கள். சுவர் சாயாமல் நேராக நின்றால், 1.5 மி.மீ. வலையிட்ட பி.வி.சி. மெம்பரேன் விரித்துக் காப்பாற்றலாம். சாய்ந்திருந்தால் இடிக்க வேண்டியதுதான்.

கே: கண்ணாடி மொசைக்கா, விட்ரிஃபைடு டைலா? கருநீலம் எடுப்பாக இருக்குமா?

ப: தண்ணீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்குக் கீழே உள்ள விட்ரிஃபைடு டைல் பல ஆண்டு உழைக்கும், வேலையும் எளிது. பாத்ரூம் சுவர் டைலைக் கொண்டுவராதீர்கள். வளைவான சுவர், உருண்டை மூலை இருந்தால் மொசைக்தான் வழி. மொசைக் வாங்கும்போது தாளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வலை ஒட்டி, அந்தப் பசை தண்ணீரில் இளகுவதாக இருந்தால் சில வருடங்களில் கொத்துக் கொத்தாக உதிரும். முன்பக்கம் காகிதமோ ஃபிலிமோ ஒட்டிய வகை பாதுகாப்பானது. ஒட்டியபின் அது உரிந்துவிடும், கண்ணாடி முழுப் பரப்பும் பசையில் உட்காரும். கண்ணாடிக்கு வெள்ளை பாலிமர் பசை, இடைவெளிக்கு எபாக்சி கிரவுட். வெள்ளை சிமென்ட் கிரவுட் குளோரினிலும் ஆசிடிலும் கரைந்து போகும். ஒட்டி முடித்து 14 நாள், மழைக்காலமானால் 21 நாள் கழித்தே தண்ணீர்.

கருநீலம் வேண்டாம். அடியில் ஒரு குழந்தை மூழ்கிக் கிடந்தாலும் மேலிருந்து தெரியாது. வெளிர்நீலமோ வெள்ளையோ போடுங்கள். கரும்நிறத்தில் ஆசை இருந்தால் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் ஒரு வரி பதியுங்கள், அங்கேதான் அது பயன்படும்.

கே: டைலுக்குப் பதில் பெயின்ட் அடிக்கலாமா?

ப: எபாக்சி பெயின்ட் மூன்று, நான்கு வருடம் வரும். ஒவ்வொரு முறையும் குளத்தைக் காலி செய்ய வேண்டும். மேலே ஈ.சி.ஆர். வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கே: மொத்தம் எவ்வளவு ஆகும்?

ப: நீளம், அகலம், ஆழம், ஊர், மண் எதுவும் கடிதத்தில் இல்லை. எழுதுங்கள், சொல்கிறேன். எல்லோரும் மறக்கும் செலவை மட்டும் இப்போது சொல்லலாம்: 1 எச்.பி. பம்ப் தினம் 8 மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 8 யூனிட். இரண்டு மாத பில்லில் 480 யூனிட் கூடும். பெரும்பாலான வீடுகள் 500 யூனிட்டைத் தாண்டி மேல் ஸ்லாபுக்குப் போய்விடும்.

கே: ஓவர்ஃப்ளோ வகையா, ஸ்கிம்மர் வகையா? (கோவை)

ப: வீட்டுக்கு ஸ்கிம்மர் போதும். ஓவர்ஃப்ளோவில் தண்ணீர் விளிம்பு வரை தளும்பி நிற்பது அழகுதான். அதற்கு, வழிந்த தண்ணீர் சேர 3,000 முதல் 4,000 லிட்டர் பேலன்சிங் டேங்க் தனியாக வேண்டும், நான்கு பக்க விளிம்பும் 2, 3 மி.மீ.க்குள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு மூலை தாழ்ந்தால் அங்கே மட்டுமே வழியும், எதிர் மூலையில் தூசி தங்கிவிடும். மட்டப் பலகையில் நம்பிக்கையான கொத்தனார் இருந்தால் பாருங்கள். ஸ்கிம்மர் என்றால் கிழக்குச் சுவரில் வையுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இலையையும் தூசியையும் அந்தப் பக்கம்தான் ஒதுக்கும், மேற்கில் வைத்தால் வெறும் தண்ணீரைத்தான் இழுக்கும்.

கே: உப்பு முறை வைத்தால் குளோரினே இருக்காதாமே?

ப: தவறு. உப்பிலிருந்து அந்தக் கருவி தயாரிப்பதே குளோரின்தான். 38,000 லிட்டருக்குச் சுமார் 130 கிலோ உப்பு போட வேண்டும். கைப்பிடி, ஏணி எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள், 304 துருப்பிடிக்கும். ஃபில்டரைக் கழுவி வெளியேறும் பேக்வாஷ் தண்ணீரில் உப்பு இருக்கும், அதை வாழைக்கும் எலுமிச்சைக்கும் விடாதீர்கள்.

கே: குளத்தைச் சுற்றிக் கடப்பா கல் போடலாமா?

ப: கடப்பா, கோட்டா இரண்டும் சுண்ணாம்புக் கல். பி.எச். குறைக்க ஊற்றும் ஆசிட் சிந்தினால் அரித்துவிடும். கறுப்புக் கல்லில் சித்திரை வெயிலில் வெறுங்காலோடு நிற்கவும் முடியாது. வெளிர்நிற, சொரசொரப்பாக்கிய கிரானைட் போடுங்கள்.

கே: போர் தண்ணீர் டி.டி.எஸ். 1,800. டைல் வீணாகுமா?

ப: டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) மட்டும் சொன்னால் போதாது, கால்சியம் கடினத்தன்மையையும் இரும்பையும் தனியாகப் பரிசோதியுங்கள். கடினத்தன்மை 200 முதல் 400 பி.பி.எம்.க்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் நீர்மட்டக் கோட்டில் வெள்ளைப் படிவம் கட்டும், ஃபில்டர் மணல் இறுகும், உப்புக் கருவியின் தகடு மூடிக்கொள்ளும். முதல் நிரப்பலை நல்ல லாரித் தண்ணீரில் செய்யுங்கள். 12,000 லிட்டர் லாரி மூன்றும் கொஞ்சமும் ஆகும். வெயில் காலத்தில் தினம் 150, 200 லிட்டர் ஆவியாகும், உப்பு மட்டும் தங்கிவிடும். அதை ஈடுகட்ட, முதல் மழையைக் கழித்து விட்டு, கூரை மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள். அதற்காக முழுக் குளத்தையும் ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்பாதீர்கள். கால்சியம் இல்லாத தண்ணீர் தனக்கு வேண்டியதை சிமென்டிலிருந்தும் கிரவுட்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளும்.

கே: பையன்கள் டைவ் அடிக்க 8 அடி ஆழம் வேண்டும்.

ப: வேண்டாம். ஒரு மீட்டர் பலகைக்கே சுமார் 11 அடி ஆழம் தேவை, 8 அடி அதற்கும் போதாது, நீச்சல் தெரியாதவருக்கும் ஆபத்து. மூன்றரையில் தொடங்கி ஐந்தில் முடியுங்கள், "குதிக்காதே" என்று விளிம்பில் எழுதி வையுங்கள்.

கே: அடியில் தண்ணீர் இழுக்கும் டிரெயின் ஒன்று போதும் என்கிறார் பிளம்பர்.

ப: போதாது. ஒன்றே இருந்தால் பம்பின் முழு இழுப்பும் அதில்தான். ஒரு குழந்தையின் உடலோ கூந்தலோ மூடிக்கொண்டால் பெரியவர் இருவர் இழுத்தாலும் வராது. இப்படி நேர்ந்த சாவுகளுக்குப் பிறகு அமெரிக்காவில் 2007-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். இரண்டு டிரெயின்களைக் குறைந்தது 3 அடி இடைவெளியில் வைத்து ஒரே குழாயில் இணையுங்கள், இடையில் வால்வு எதுவும் வேண்டாம். மூடி குவிந்த வடிவமாக, திருகு போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். மூடி உடைந்திருந்தால் மாற்றும்வரை பம்பை ஓட்டாதீர்கள். குளத்தைச் சுற்றி 4 அடி வேலி, தானாக மூடும் கதவு, விளக்குக்கு 12 வோல்ட், பம்ப் இணைப்பில் மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. இவை நான்கும் டைல் வாங்குவதற்கு முன்பே பட்டியலில் இருக்கட்டும்.