ஸ்டெர்ன் டிரைவ்: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா? – கேள்வி பதில்

எஞ்சினைப் படகுக்குள்ளும், புரொப்பெல்லரைச் சுழற்றும் கியர் பகுதியைப் பின்பலகைக்கு வெளியேயும் வைக்கும் ஸ்டெர்ன் டிரைவ் அமைப்பை வால்வோ பென்டா நிறுவனம் 1959-ஆம் ஆண்டு அக்வாமேட்டிக் என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. படகின் பின்பலகையில் ஒரு துளையிட்டு, அதன் வழியாகச் சுழலும் ஷாஃப்டை ரப்பர் உறையால் காப்பதே இதன் அடிப்படை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழுள்ள பதில்கள் எளிதில் விளங்கும்.

கேள்வி: ஒன்டாரியோவின் சிம்கோ ஏரியில் மெர்க்ரூசர் ஆல்பா ஒன் என்ற ஸ்டெர்ன் டிரைவ் பொருத்திய படகு வைத்திருக்கிறேன். குளிர்காலத்துக்காக கியர் ஆயிலை வடித்தபோது அது பால்போல வெளுத்து வந்தது. முழு டிரைவையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அது சரியா?

பதில்: இந்த ஓர் அறிகுறியை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்வதை நான் ஏற்க மாட்டேன். ஆயில் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். அது எவ்வழியாகப் புகுந்தது, எவ்வளவு காலம் உள்ளே இருந்தது என்ற இரண்டுமே செலவைத் தீர்மானிக்கும். ஆயில் முழுவதையும் வடித்த பிறகு டிரைவுக்குள் சுமார் 15 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) காற்றழுத்தம் கொடுத்து, அது இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து வெற்றிட அழுத்தத்திலும் சோதிக்க வேண்டும்; ஏனெனில் ஒரு பக்கம் பார்த்த உதடு கொண்ட சீல் (கசிவைத் தடுக்கும் வளையம்), ஒரு திசை அழுத்தத்தைத் தாங்கிவிட்டு மறு திசையில் கசியக்கூடும்.

பெரும்பாலும் குற்றவாளி புரொப்பெல்லர் ஷாஃப்டின் சீல்தான். தூண்டில் நரம்பு புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு சீலை அறுத்துவிடும். சீலைக் கழற்றியதும், அது உட்கார்ந்திருந்த இடத்தில் ஷாஃப்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புதிய சீலும் சீக்கிரமே கசியும். அந்த இடத்தில் மெல்லிய எவர்சில்வர் உறை ஒன்றை ஏற்றிச் சரிசெய்யலாம். ஷாஃப்ட் வளைந்திருந்தால் மட்டும் மாற்றிவிடுங்கள்; நிமிர்த்தி ஓட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

வடிகால் திருகில் உள்ள காந்தத்தையும் பாருங்கள். விரலில் மைபோல ஒட்டும் சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானம். நகத்தால் பொறுக்கி எடுக்கும்படியான செதில்கள் இருந்தால் டிரைவைத் திறந்தே ஆக வேண்டும். எதுவானாலும் தண்ணீர் கலந்த ஆயிலோடு குளிர்காலத்தைக் கடக்க விடாதீர்கள். ஆயிலைவிடக் கனமான தண்ணீர் அடியில் தங்கி, உறைந்து, விரிந்து, அலுமினிய உறையையே பிளந்துவிடும். அப்போது மெக்கானிக் சொன்னதுதான் நடக்கும்.

கேள்வி: நார்வேயின் பெர்கனில் இருக்கிறோம். பெல்லோஸ் எனப்படும் ரப்பர் உறையின் மடிப்பில் சிறு விரிசல்கள் தெரிகின்றன, இன்னும் கசியவில்லை. சீலண்ட் பூசி ஒரு பருவம் ஓட்டலாமா?

பதில்: கூடாது. மடிப்பு ஒவ்வொரு திருப்பத்திலும் விரிந்து சுருங்குவதால் எந்தப் பசையும் அங்கே நிற்காது. டிரைவ் திரும்பும்போது ஷாஃப்டை மடங்கவிடும் இணைப்பான யூ-ஜாயிண்டைச் சூழ்ந்த அந்த ரப்பர் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அது கிழிந்தால், ஷாஃப்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கைத் தாண்டித் தண்ணீர் படகுக்குள் வரும், துறையில் கட்டியிருக்கும் படகே மூழ்கக்கூடும். உங்களைப் போலக் கடல்நீரிலேயே படகை நிறுத்துபவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெல்லோஸை மாற்றிவிடுவது நல்லது. படகைக் கரையேற்றி வைக்கும்போது டிரைவைத் தாழ்த்தியே வையுங்கள். தூக்கி வைத்தால் ரப்பர் அந்த மடிப்பிலேயே இறுகிவிடும்.

கேள்வி: நேராகச் செல்லும்போது ஓசை இல்லை, திருப்பினால் உறுமுகிறது. கிம்பல் பேரிங்கை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: டிரைவைக் கழற்றிவிட்டு, பேரிங்கின் உள்வளையத்தை விரலால் சுழற்றிப் பாருங்கள். நறநறத்தால் அதை மாற்றியாக வேண்டும். கிரீஸ் அடித்தால் ஓசை அடங்குமே தவிர பேரிங் பிழைக்காது. ஆனால் துருப்பிடித்த பேரிங் என்றால் பெல்லோஸ் வழியாகத் தண்ணீர் வந்திருக்கிறது, அதே தண்ணீர் யூ-ஜாயிண்டுகளையும் நனைத்திருக்கிறது. அவற்றை எல்லாத் திசையிலும் மடக்கிப் பார்த்து, எங்கேனும் இறுகினாலோ ஆடினாலோ சேர்த்து மாற்றுங்கள். டிரைவை மீண்டும் ஏற்றுவதற்கு முன் எஞ்சின் நேர்க்கோட்டில் இருக்கிறதா என்று காட்டும் அலைன்மென்ட் கம்பியைப் பேரிங் வழியே, ஷாஃப்டை எஞ்சினோடு இணைக்கும் கப்ளருக்குள் செலுத்த வேண்டும். அது விரல்களின் பலத்திலேயே வழுக்கிச் செல்ல வேண்டும். இந்தச் சோதனையை விட்டுவிட்டால் கப்ளரின் உள்பற்கள் தேய்ந்து போகும், அதை மாற்ற எஞ்சினையே நகர்த்த வேண்டியிருக்கும்.

கேள்வி: ஒரு கியரில் மட்டும் பல் உடைந்துள்ளது. அதை மட்டும் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஒன்றோடொன்று கடித்து ஓடும் கியர்கள் இணையாகவே மாற்றப்பட வேண்டும். ஷிம் எனும் மெல்லிய இடைத்தகட்டின் கனமும் பற்களுக்கிடையிலான இடைவெளியும் அளவுக்கருவியால் சரிபார்க்கப்பட வேண்டும். அந்தக் கருவிகள் இல்லாத பட்டறையில் இவ்வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஃபுளோரிடாவில் உப்புநீரில் ஓடும் படகு. கீழ் உறையில் அரிப்புக் குழிகள் உள்ளன. வெல்டிங் செய்து காப்பாற்ற முடியுமா?

பதில்: குழி எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. அடியில் உள்ள துடுப்புப் போன்ற தகடு உடைந்தாலோ அரித்தாலோ தாராளமாக வெல்டிங் செய்யலாம். ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் அமரும் இடத்திலோ, பேரிங்கைத் தாங்கும் பேரிங் கேரியர் பொருந்தும் விளிம்பிலோ குழி விழுந்திருந்தால் கீழ் உறையை மாற்றுங்கள்; அங்கே வெல்டிங்கின் வெப்பம் துல்லியமான அளவைக் குலைத்துவிடும். புதிய உறைக்கு அலுமினிய அனோடு (டிரைவுக்குப் பதிலாகத் தான் கரையும் உலோகத் துண்டு) பொருத்தி, பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அனோடின் மேல் பெயிண்ட் அடிக்கவே கூடாது. அடித்தால் அது கரையாது, டிரைவ் கரையும்.

கேள்வி: அப்படியானால் முழு டிரைவை எப்போதுதான் மாற்றுவது?

பதில்: மேல், கீழ் இரு பகுதிகளின் கியர்களும் பேரிங்குகளும் ஒருசேரக் கெட்டு, உறையும் அரித்திருந்தால், உதிரிபாகங்களும் கூலியும் சேர்ந்து புதிய டிரைவின் விலையை நெருங்கிவிடும், அப்போது மாற்றுவதே முறை. வாங்கும் முன் இரண்டைச் சரிபாருங்கள். ஆல்பா ஒன் இரண்டாம் தலைமுறை 1991-இல் வந்தது. அதன் கீழ்ப்பகுதி முந்தைய தலைமுறையின் மேற்பகுதியோடு சேராது. கியர் விகிதமும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும்; மாறினால் முழு வேகத்தில் எஞ்சின் தனக்குரிய சுழற்சி எல்லையை எட்டாமல் திணறும் அல்லது அதைத் தாண்டிவிடும். பழைய டிரைவின் வரிசை எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். புதிய டிரைவை ஏற்றும் அதே நாளில் பெல்லோஸ், கிம்பல் பேரிங், கீழ் ஷிஃப்ட் கேபிள் (கியர் மாற்றும் கம்பி) மூன்றையும் மாற்றிவிடுங்கள், ஏனெனில் அவற்றை எட்டுவதற்கு மீண்டும் டிரைவைக் கழற்ற வேண்டியிருக்கும்.